பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருக்க எவ்வளவு ஆகும்: ஒப்பிடும் கணக்கு

இருபது வயதைத் தாண்டிய இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒரே விலைக்கு வருகின்றன. ஒன்று ஐந்து வருடத்துக்கு ஆயிலும் டயரும் மட்டுமே கேட்கும். இன்னொன்று வாங்கிய விலையில் பாதியை முதல் வருடமே விழுங்கிவிடும். விளம்பரத்தைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. பழைய காரின் விலை இறங்கிக்கொண்டே போகும். அதன் பிரேக் டிஸ்க்கும் கிளட்சும் அப்படி இறங்குவதில்லை. புதிதாக வந்தபோது எந்தத் தட்டில் விற்ற காரோ, அந்தத் தட்டு விலையிலேயே பாகங்கள் இன்றும் கிடைக்கும். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

முதலில் எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 5,000 கி.மீ., ஐந்து வருடம், மொத்தம் 25,000 கி.மீ. என்பது வார இறுதியில் மட்டும் ஓடும் காருக்குப் பொருத்தமான கணக்கு. அடுத்து, எல்லாச் செலவையும் ஒரே அலகுக்கு மாற்றுங்கள். அந்த மாடலைத் தெரிந்த மெக்கானிக் ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி வாங்குகிறாரோ அதுதான் அலகு. காரின் விலை, பாகங்களின் விலை இரண்டையும் அந்தக் கூலியால் வகுத்து "இத்தனை மணி" என்று எழுதினால், எந்த வேலையில் பொருள் கனம், எந்த வேலையில் கூலி கனம் என்று சட்டென்று தெரியும்.

பிறகு ஒவ்வொரு காருக்கும் நான்கு பத்திகள் போடுங்கள்: பாக்கி, தேதி (ஓடாவிட்டாலும் காலம் பார்த்து மாற்ற வேண்டியவை), தேய்மானம் (ஓடுவதால் தேயும் பாகங்கள்), பெரிய அடி (வந்தால் பெரும் செலவு வைக்கும் பழுது).

பாக்கியும் தேதியும்

பாக்கி என்பது முந்தைய உரிமையாளர் செய்யாமல் விட்ட வேலை. விலையில் பேரம் பேச வேண்டியது இதை வைத்துத்தான். சர்வீஸ் புக்கில் உள்ள முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், பில்லைக் கேளுங்கள். பில்லில் தேதி, ஓடோமீட்டர் எண், பாகத்தின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். டைமிங் பெல்ட் (இன்ஜின் சுழற்சியோடு வால்வுகளை இசைவாக இயக்கும் பெல்ட்), வாட்டர் பம்ப், கிளட்ச், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில், டயர் ஆகியவற்றில் எதற்குப் பில் இல்லையோ, அது செய்யப்படவில்லை என்றே கணக்கில் சேருங்கள். "போன வருஷம்தான் மாத்தினோம்" என்ற வாய்மொழிக்கு மதிப்பு பூஜ்யம்.

தேதிப் பத்தியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். குறைவாக ஓடும் காரில் பாகங்கள் ஓடித் தேய்வதில்லை, நின்றே கெடுகின்றன. 25,000 கி.மீ. தான் ஓடப்போகிறோம், ஆயில் மூன்று தடவை போதும் என்று நினைக்கலாம். ஓடாவிட்டாலும் ஆயில் வருடம் ஒருமுறை, ஆக ஐந்து தடவை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொதிநிலை இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயரின் பக்கச் சுவரில் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் புதிது போல இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரைப் பாக்கியில் எழுதுங்கள். பத்து வயதுக்கு மேல் அதில் ஓட்டவே கூடாது. ரப்பர் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுண்ட் எல்லாவற்றிலும் இதேபோல ஓடிய தூரத்தை விட வயதைத்தான் பார்க்க வேண்டும். ஓடோமீட்டர் மிகக் குறைவாகக் காட்டும் கார் மலிவாக ஓடும் என்று எண்ணுவது இதனால்தான் தப்பாகிறது. ஐந்து வருடம் ஷெட்டில் கிடந்த காரை விட, ஒழுங்காகப் பராமரித்து ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ஓடிய கார் பெரும்பாலும் குறைவாகவே கேட்கும்.

ஆயில் அளவும் காருக்குக் கார் மாறும். 1.6 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 நான்கு லிட்டருக்குக் குறைவாகக் குடிக்கும், ஹோண்டா எஸ்2000 ஏறக்குறைய ஐந்து. பிஎம்டபிள்யூ ஈ46 எம்3-க்கு 5.5 லிட்டர், அதுவும் எளிதில் கிடைக்காத 10டபிள்யூ-60 என்ற தடிமன் தர ஆயில். போர்ஷே பாக்ஸ்டர் 986-க்கு எட்டு லிட்டருக்கு மேல். ஒரு தடவைக்குச் சின்ன வித்தியாசம். ஐந்து தடவைக்குக் கூட்டிப் பாருங்கள்.

சுமைகூலி

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே சொன்னது போல இருக்கும். பாகத்தின் விலையை இணையத்தில் யாரும் பார்த்துவிடலாம். அதை எட்டுவதற்கு எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

போர்ஷே 944-இல் கியர் பாக்ஸ் பின்னால், இன்ஜின் முன்னால், நடுவில் டார்க் டியூப், அதாவது இரண்டையும் இணைக்கும் தண்டு ஓடும் குழாய். கிளட்ச் தகடு மாற்ற சைலன்சர் வரிசையைக் கழற்றி, கியர் பாக்ஸை இறக்கி, டியூபைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதன் பழைய தகடுகளில் நடுவில் ரப்பர் இருக்கும். வயதானால் கிளட்ச் தேயாமலே அந்த ரப்பர் பிய்ந்துவிடும். கொர்வெட் சி5-இன் எல்எஸ்1 இன்ஜின் எளிமையானது, டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஆனாலும் அதே பின்-கியர்பாக்ஸ் அமைப்பு என்பதால் கிளட்ச் வேலை வந்தால் கூலி ஏறிவிடும். இன்ஜின் எளிது என்பதால் காரே எளிது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இதே பாடத்தை ஃபெராரியின் மூன்று தலைமுறைகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. எஃப்355-இல் டைமிங் பெல்ட் மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும். அடுத்து வந்த 360-இல் இருக்கைக்குப் பின்னால் உள்ள தகட்டைத் திறந்தால் பெல்ட்டை எட்டலாம். அதற்கு அடுத்த எஃப்430-இல் பெல்ட்டே இல்லை, செயின். புதிய மாடலின் விலை கூடுதலாக இருந்தாலும் ஐந்து வருடக் கணக்கில் அந்த இடைவெளி சுருங்குவதற்கு இது ஒரு காரணம்.

பெல்ட் உள்ள காரில் இன்னொன்றும் கேளுங்கள்: பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்குமா? 944-இல் இடிக்கும், வால்வுகள் வளையும். கூடவே அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒரு பெல்ட்டும் இருக்கிறது. இரண்டையும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே நல்லது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் இடிக்காது. அறுந்தால் கார் நிற்கும், அவ்வளவுதான்.

பெரிய அடி

ஒவ்வொரு மாடலுக்கும் பேர்பெற்ற ஒரு நோய் உண்டு. அதை எழுதாமல் ஒப்பிட்டால் கணக்கு பொய்.

1997 முதல் 2005 வரையான பாக்ஸ்டர், 911 (996) கார்களில் அந்த நோய் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங், அதாவது ஐஎம்எஸ்: இன்ஜினுக்குள் கேம் ஷாஃப்டுகளை ஓட்டும் இடைத்தண்டின் பேரிங். அது உடைந்தால் இன்ஜின் போய்விடும். பேரிங் சின்னது, அதை எட்ட கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றும் இறங்க வேண்டும். எனவே கிளட்ச் மாற்றும் அன்றே பேரிங்கையும், பின்புற கிராங்க் ஆயில் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்; கூலி ஒன்றுதான். பில்லில் கிளட்ச், பேரிங், ஆயில் சீல் மூன்றும் சேர்ந்து இருக்கும் கார், இல்லாத காரை விடக் கிளட்ச் வேலையின் முழுக் கூலி அளவுக்குக் கூடுதல் மதிப்புள்ளது. 2006 முதல் 2008 வரையான இன்ஜின்களில் பேரிங் பெரிது, கெடுவது குறைவு, ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாது. 996 டர்போவிலும் ஜிடி3-யிலும் வேறு இன்ஜின். இந்தக் கவலை அவற்றுக்குக் கிடையாது.

ஈ46 எம்3-இல் இரண்டு இடம். கனெக்டிங் ராடு பேரிங் தேய்வது ஒன்று. பின் சப்ஃப்ரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் தகடு கிழிவது இன்னொன்று. லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, நான்கு மூலையிலும் விரிசல் தேடுங்கள். கிழிந்திருந்தால் பின்பக்கம் முழுவதையும் இறக்கி வலுத்தகடு வெல்டிங் செய்ய வேண்டும். வாங்குவதை விட்டுவிடலாம், அல்லது அந்த வேலையின் முழுத் தொகையை விலையில் குறைக்கலாம். வால்வு இடைவெளியை ஷிம் என்ற சிறு தகடு வைத்துச் சரிசெய்வதும் இதன் வழக்கமான சர்வீஸில் சேர்ந்தது. கூலன்ட் நிற்கும் பிளாஸ்டிக் எக்ஸ்பான்ஷன் டேங்க், ரேடியேட்டர் ஆகியவை அந்தக் கால பிஎம்டபிள்யூக்களில் திடீரென்று வெடிக்கும். ஒவ்வொன்றாக மாற்றாமல் ஒட்டுமொத்தமாக மாற்றுங்கள்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கும்போது மலிவாகவே இருக்கும், அதற்குக் காரணம் உண்டு. இதன் ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும்) சீல்களை நனைக்க ஆயிலை வேண்டுமென்றே எரிக்கும். ஆயில் குறைவதை நோயாக எண்ணாமல், ஊற்றும் செலவை மாத வரவுசெலவில் சேருங்கள். சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் திணறினால் கம்ப்ரஷன் (இன்ஜினுக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம்) போயிருக்கலாம். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது. ரோட்டரிக்கான கருவி வேண்டும். 250 ஆர்பிஎம்-க்கு மாற்றிய கணக்கில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் இன்ஜினைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்று பொருள்.

எம்எக்ஸ்-5-இன் எதிரி துரு. துணிக்கூரையின் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் பின் சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே உள்ள சில் எனும் அடிச்சட்டம் உள்ளிருந்து அரிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், விரலால் அழுத்தினால் நொறுங்கும். 1991 வரையான ஆரம்ப 1.6 இன்ஜின்களில் கிராங்க் மூக்கு (கிராங்க் ஷாஃப்டின் முன் முனை) குட்டையானது. கிராங்க் புல்லியில் எட்டு வெட்டுக்குப் பதில் நான்கு வெட்டு மட்டும் இருந்தால் அதுதான். புல்லி ஆடினால், அதைக் கிராங்கோடு பூட்டும் சிறு உலோகச் சாவி உட்காரும் பள்ளம் தேய்ந்துவிடும். எஸ்2000 இவற்றில் நல்ல பிள்ளை; ஆயில் அளவைப் பார்க்காத உரிமையாளரும், தப்பான கியரைப் போட்டு இன்ஜினை வரம்புக்கு மேல் சுற்றவிட்டவரும்தான் அதைக் கெடுக்கிறார்கள்.

பெரிய அடிக்குச் சராசரி போடாதீர்கள். நூறு கார் வைத்திருப்பவருக்குத்தான் "ஐந்து சதவீத வாய்ப்பு" என்பது செலவு. ஒரே கார் உள்ளவருக்கு அது வரும், அல்லது வராது. முன்கூட்டியே மாற்றி முடிக்கக்கூடியதென்றால் அந்த வேலையை முழுமையாகப் பாக்கியில் எழுதுங்கள். முடியாதென்றால், மோசமான பில் காரின் விலையைத் தாண்டுமா என்று பாருங்கள். தாண்டினால், அந்தப் பணத்தை இழக்கத் தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கிடைக்காத பாகம்

இயந்திரப் பாகங்கள் எப்படியாவது வந்துவிடும். இழுத்தடிப்பவை டாஷ்போர்டு, விளக்கு, கண்ணாடி, ஏபிஎஸ் யூனிட், சீட் துணி போன்றவை. ஒரே மாடலுக்கு மட்டும் செய்த பாகம் எத்தனை, சாதாரண காரோடு பகிர்ந்துகொண்டது எத்தனை என்று பாருங்கள். ஈ46 எம்3 சாதாரண 3 சீரிஸோடு நிறையப் பகிர்ந்துகொள்கிறது; பாக்ஸ்டர் 986-இன் முன்பக்கம் ஏறக்குறைய 996-தான். தயாரிப்பாளரே பழைய பாகங்களை மறுபடி செய்து தரும் திட்டம் இருந்தால் அது ஒரு நல்ல புள்ளி: நிசான் 2017-இல் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆருக்கும், டொயோட்டா 2020-இல் ஏ70, ஏ80 சுப்ராவுக்கும் தொடங்கின. மாஸ்டா எம்எக்ஸ்-5-க்கும் அப்படிச் செய்கிறது.

சோதனையும் கூட்டலும்

வாங்குமுன் அந்த மாடலைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதற்கு ஆகும் இரண்டு மூன்று மணிக் கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். பிஸ்டன் இன்ஜினில் கம்ப்ரஷனோடு லீக்டவுனும் (சிலிண்டருக்குள் ஏற்றிய காற்று எவ்வளவு கசிகிறது என்ற சோதனை) பாருங்கள்: 10 சதவீதத்துக்குள் நன்று, 20-ஐத் தாண்டினால் எந்தப் பக்கம் காற்று கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் நகராதீர்கள். ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை, ஆனால் ரெடினஸ் மானிட்டர்கள் (கார் தன்னைத் தானே சோதித்து முடித்ததா என்று காட்டுபவை) "தயார் இல்லை" என்று காட்டினால் யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். போர்ஷேயில் ஈசியூவிலிருந்து (இன்ஜினின் கம்ப்யூட்டர்) ஓவர்-ரெவ் பதிவை, அதாவது இன்ஜின் வரம்புக்கு மேல் சுற்றிய பதிவை எடுக்கலாம், எடுத்துவிடுங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால், மினுக்கும் உலோகத்தூள் பல பதில்களைச் சொல்லும்.

இப்போது கூட்டுங்கள். கற்பனையாக இரண்டு கார், எல்லாம் மணிக்கணக்கில். முதல் கார்: விலை 260, பாக்கி 10, தேதிச் செலவு வருடம் 12 வீதம் ஐந்து வருடத்துக்கு 60, தேய்மானம் 20, பெரிய அடிக்கான ஒதுக்கீடு (சராசரி அல்ல, வந்தால் கட்ட வேண்டிய முழு பில்) 15, விற்கும்போது திரும்ப வருவது 240. நிகரம் 125. இரண்டாவது: விலை 200, பாக்கி 70, தேதிச் செலவு 16 வீதம் 80, தேய்மானம் 30, ஒதுக்கீடு 45, திரும்ப வருவது 190. நிகரம் 235. அறுபது மணி மலிவாக வாங்கிய கார் முடிவில் நூற்றுப்பத்து மணி கூடுதலாகக் கேட்கிறது, 25,000 கி.மீ.-க்கு வகுத்தால் கிலோமீட்டர் செலவு ஏறக்குறைய இரு மடங்கு. காப்பீடு, வரி, பெட்ரோல், நிறுத்துமிடம் இரண்டுக்கும் தனியாகச் சேருங்கள். காப்பீட்டில் முன்பே பேசி முடிவு செய்த மதிப்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள். வயதைப் பார்த்து மதிப்பைக் குறைக்கும் சாதாரண அட்டவணையில் இந்தக் கார்களின் மதிப்பு ஒன்றுமில்லாமல் போய்விடும்.

திரும்ப வரும் தொகையை எழுதும்போது கை கட்டுப்பாடாக இருக்கட்டும். செய்த வேலைக்கான பில் காரை விற்க உதவும். பில்லில் உள்ள தொகை முழுவதும் திரும்ப வராது. மாற்றியமைத்த சைலன்சர், தாழ்த்திய ஸ்ப்ரிங், பெரிய டர்போ ஆகியவற்றுக்கு அடுத்தவர் காசு தர மாட்டார். கழற்றிய அசல் பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தால், விற்கும் அன்று அவற்றுக்குத் தருவார்.