லோங்காங் போகிற மழையை 8 சதுர மீட்டரில் நிறுத்துவது எப்படி: தாமான், லயம், தமிழ்ப்பள்ளிக்கு ஒரு மழைத்தோட்டம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை, இப்போதைய பெயரில் பெஸ்தாரி ஜெயா. இங்கே பெய்யும் மழை கூரையிலிருந்து லோங்காங் (தெருவோர வடிகால்), லோங்காங்கிலிருந்து பெரிய வாய்க்கால், அங்கிருந்து சிலாங்கூர் ஆறு என்று போகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் தருவது இந்த ஆறுதான். இன்னும் கீழே போனால் கம்போங் குவாந்தான் மின்மினிகள் வாழும் பெரெம்பாங் மரங்களும் இதன் கரையில்தான் நிற்கின்றன. கார் கழுவிய சோப்பு, சமைத்த எண்ணெய், தோண்டிப்போட்ட செம்மண் எல்லாம் போவதும் இதே வழியில்தான். மழைத்தோட்டம் என்பது அந்த வழியில் நாம் வைக்கும் ஒரு பள்ளம். தண்ணீர் அதில் தேங்கி, மண்ணுக்குள் இறங்கி, ஒரு நாளுக்குள் காய்ந்துவிட வேண்டும். காயவில்லை என்றால் அது கொசுக்குட்டை, தோட்டமல்ல.

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இதைப் புரியவைக்கப் படம் காட்ட வேண்டியதில்லை. ரப்பர் காலத்தில் ஓடும் மழைநீரையும் மண்ணையும் பிடிக்கச் சரிவில் வெட்டிய சில்ட் பிட்டைச் சொன்னாலே போதும், அந்தக் குழியின் தம்பிதான் இது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளுக்குத்தான் செய்து காட்ட வேண்டும். இரண்டு 1.5 லிட்டர் போத்தல்களைப் படுக்க வைத்து மேல் பக்கத்தை வெட்டுங்கள். ஒன்றில் வெறும் செம்மண், மற்றதில் வேரோடு பெயர்த்த புல். இரண்டையும் வாய்ப்பக்கம் கொஞ்சம் தாழ்த்தி வைத்து, ஒவ்வொன்றிலும் 500 மில்லி தண்ணீரை மெதுவாக ஊற்றி, வாயிலிருந்து வருவதைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். எவ்வளவு வந்தது, என்ன நிறத்தில் வந்தது என்பதைப் பிள்ளைகளே எழுதட்டும். கோத்தோங் ரோயோங்குக்கு (எல்லாரும் கூடித் தோண்டும் நாளுக்கு) ஒரு வாரம் முன்பு இதைச் செய்துவிட்டு, அன்றே லோங்காங் ஓரமாக, தண்ணீர் ஆற்றில் விழும் இடம்வரை அவர்களை நடத்திக் கூட்டிப் போங்கள். முதலில் தோண்டிவிட்டுப் பிறகு விளக்கினால் இரண்டாவது மாதம் களை பிடுங்க யாரும் வருவதில்லை.

இடம், அனுமதி

வீட்டு அடித்தளத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர், மலக்குழித் தொட்டியிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பெரிய மரத்தடி வேண்டாம். தண்ணீர்க் குழாய், மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். ரப்பர், செம்பனைத் தோட்ட நிலம் என்றால் நிர்வாகத்தின் கடிதம் வேண்டும், வாய்ச்சொல் போதாது, மேனேஜர் மாறினால் பேச்சும் மாறும். லோங்காங் நகராண்மைக் கழகத்துடையது, அதில் குழாய் விடக் கேட்டாக வேண்டும்.

கணக்கு

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஜே.பி.எஸ். (நீர்ப்பாசன, வடிகால் துறை) வெளியிட்ட மஸ்மா (நகர்ப்புற மழைநீர் மேலாண்மை) கையேட்டின் 2012 பதிப்பு, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் அமைப்புகளுக்கு 40 மி.மீ. மழையை அடிப்படையாக வைக்கிறது. 50 சதுர மீட்டர் கூரைக்கு அது 2,000 லிட்டர், அதாவது 2 கன மீட்டர்.

தோட்டம் 8 சதுர மீட்டர் என்று வையுங்கள். மேலே 15 செ.மீ. தண்ணீர் நின்றால் 1.2 கன மீட்டர். கீழே 50 செ.மீ. மண்கலவையில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் என்றால் 0.8 கன மீட்டர். கூட்டினால் 2. உங்கள் கூரை 100 சதுர மீட்டர் என்றால் தோட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். ஆழத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

மண் சோதனை (அவசரப்படாமல் படிக்க வேண்டிய இடம்)

தோற்றுப்போகும் மழைத்தோட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. இந்த ஒரே ஊரில் மூன்று வகை மண் இருக்கிறது: மேட்டில் செம்மண், ஆற்றோரம் சாம்பல் களிமண், வெள்ளீயம் தோண்டிய பழைய ஈயக்குட்டைகளைச் சுற்றி ஈய மணல். பக்கத்து வீட்டில் வடிந்தது என்பதற்காக உங்கள் வீட்டிலும் வடியும் என்று நினைக்க முடியாது.

முதல் தவறு, மேல் மண்ணில் சோதிப்பது. மேலே வேர் ஓடி மண் இளகியிருக்கும், தண்ணீர் சரசரவென்று இறங்கும். தண்ணீர் உண்மையில் நிற்கப்போவது தோட்டத்தின் அடியில், 70 செ.மீ. கீழே. ஆகவே 70 செ.மீ. வரை தோண்டி, அடியில் 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழத்தில் ஒரு சிறு குழி எடுங்கள். தோண்டும்போதே அடியில் தண்ணீர் ஊறி வந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, சங்குல் (மண்வெட்டி) ஈரக் களிமண்ணை வெட்டும்போது சுவரைப் பூசினாற்போல் வழவழப்பாக்கிவிடும். அது தண்ணீரை மறிக்கும். முள்கரண்டியாலோ பழைய ஆணிப்பலகையாலோ சுவரைக் கீறி விடுங்கள். அடியில் ஒரு கைப்பிடி கூழாங்கல் போட்டால் தண்ணீர் ஊற்றும்போது சேறு கலங்காது.

மூன்றாவது, காய்ந்த மண்ணை நம்புவது. முந்தின நாள் மாலை குழியை நிரப்பி இரவு முழுக்க ஊறவிடுங்கள். மேலே பலகையும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடுங்கள். பிள்ளை விழாது, மழையும் கணக்கைக் கெடுக்காது. மறுநாள் 15 செ.மீ. வரை தண்ணீர் ஊற்றி, குச்சியில் அளவு குறித்து, 30 நிமிடத்துக்கு ஒரு முறை எவ்வளவு இறங்கியது என்று 2 மணி நேரம் எழுதுங்கள்.

எடுத்துக்காட்டாக 22, 14, 9, 8 மி.மீ. என்று வருகிறது. எல்லாவற்றையும் கூட்டி 53, மணிக்கு 26 மி.மீ. என்று எழுதிவிட்டு, பிரச்சினை இல்லை என்று கலைந்துவிடுவார்கள். தப்பு. எண்ண வேண்டியது கடைசி அளவை மட்டும்: 30 நிமிடத்தில் 8, மணிக்கு 16. அடைமழை மாதத்தில் உங்கள் தோட்டம் சந்திக்கப்போவது ஊறிப்போன மண்ணைத்தான்.

மணிக்கு 25 மி.மீ.க்கு மேல்: கீழே வடிகுழாய் (மண்ணில் இறங்காத தண்ணீரை லோங்காங்குக்குக் கொண்டுபோகும் துளைக்குழாய்) வேண்டாம். 13 முதல் 25 வரை: குழாய் இல்லாமலும் ஓடும், ஆனால் அடியைக் கடப்பாரையால் நன்றாகக் குத்தி இளக்குங்கள். 13-க்குக் கீழே: வடிகுழாய் கட்டாயம். ஈய மணலில் தண்ணீர் நிற்காமலே ஓடிவிடும், வடிகட்டவும் நேரம் இருக்காது. அங்கே மண்கலவையில் மேல்மண்ணின் பங்கைக் கூட்டுங்கள்.

தோண்டுதல்

குழாய் இல்லையென்றால் ஆழம் 70 செ.மீ.: நீர் நிற்க 15, மூடாக்கு (மேலே பரப்பும் மரச்சீவல்) 5, மண்கலவை 50. குழாய் உண்டென்றால் சரளைக்கும் பருமணலுக்கும் இன்னும் 20 சேர்த்து 90.

இங்கே பலர் மாட்டும் ஒரு சிக்கல்: வடிகுழாய் லோங்காங்கில்தான் விழ வேண்டும், ஆனால் தாமான் (குடியிருப்புப் பகுதி) லோங்காங் பல இடங்களில் 90 செ.மீ. ஆழமே இருக்காது. தோண்டும் முன் அளந்து பாருங்கள். ஆழம் பற்றவில்லை என்றால் மண்கலவையை 30 செ.மீ. ஆக்கி, தோட்டத்தை 10 சதுர மீட்டராக அகலப்படுத்துங்கள், 70 செ.மீ. ஆழத்தில் முடிந்துவிடும். லோங்காங் அதையும்விட மேலே என்றால் வேறு இடம் பாருங்கள்.

பேக்ஹோ வைத்திருக்கும் நண்பர் இருந்தாலும் நாங்கள் சங்குலையே சொல்வோம். இயந்திரம் உள்ளே இறங்கினால் அடிமண் இறுகிவிடும், பிறகு சோதனை எண்ணுக்கு அர்த்தமில்லை. தவிர்க்க முடியாவிட்டால் வெளியே நின்று வாளியை மட்டும் நீட்டட்டும்.

8 சதுர மீட்டரை 70 செ.மீ. தோண்டினால் 5.6 கன மீட்டர் மண் வரும், இளகினால் இன்னும் பெருகும். எங்கே போடுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். லோங்காங் கரையில் குவித்தால் முதல் மழையிலேயே அவ்வளவும் ஆற்றுக்குப் போகும்.

மட்டம் பார்க்க விலையுயர்ந்த கருவி எதற்கு? 10 மீட்டர் ஒளிபுகும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பினால் போதும், இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குமிழி ஒன்றும் உள்ளே இருக்கக்கூடாது. அடி சமமாக இல்லையென்றால் தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் நிற்கும், அந்த மூலைச் செடி அழுகும், மற்றது காயும்.

அடுக்குதல்

குழாய் வேண்டிய இடத்தில், 100 மி.மீ. துளையிட்ட பி.வி.சி. குழாயைச் சுற்றி 20 மி.மீ. கல், அதன்மேல் 5 செ.மீ. பருமணல். நான்கு மீட்டருக்கு 2 முதல் 4 செ.மீ. சாய்வு போதும். மேல் முனையை நிமிர்த்தி மூடி போட்டுத் தரைக்கு மேலே விடுங்கள், அடைத்தால் அதன் வழியே தண்ணீர் விட்டுக் கழுவலாம். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே துணி விரிக்காதீர்கள். நுண்மண் அதில் படிந்து அடைத்தால் முழுத் தோட்டத்தையும் பெயர்க்க வேண்டும்.

மண்கலவை 4 கன மீட்டர்: கழுவிய ஆற்றுமணல் 2.4, நல்ல மேல்மண் 0.9, மக்கிய இலையுரம் 0.7. பூச்சு வேலைக்கான நைசு மணல் வேண்டாம், சிமெண்டு போல இறுகும். கோழி எரு வேண்டாம், சத்து கரைந்து ஆற்றுக்குப் போகும். செம்பனைக் காலிக்குலை (பழம் உதிர்த்த வெறும் குலை) சும்மா கிடைக்கிறதே என்று கலந்துவிடாதீர்கள். அது மக்கும்போது காண்டாமிருக வண்டு முட்டையிட வரும், பக்கத்துச் செம்பனைக்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார். 15 செ.மீ.க்கு ஒரு முறை தண்ணீர் தெளித்து அமரவிடுங்கள். காலால் மிதிக்காதீர்கள்.

தண்ணீர் விழும் இடத்தில் கைப்பிடி அளவுக் கற்களைப் பரப்புங்கள். வழிவாய் (நிரம்பிய தண்ணீர் வெளியேறும் வாய்) 60 செ.மீ. அகலத்தில், மூடாக்கின் மேல்மட்டத்திலிருந்து 15 செ.மீ. உயரத்தில் லோங்காங் பக்கம் இருக்கட்டும். சுற்றுக்கரை அதைவிட 10 செ.மீ. உயரம். வழிவாய்க்குக் கல் பதிக்காமல் விட்டால் பலத்த மழையில் கரையே அரித்துப் போகும்.

செடிகள்

நடுவில் வெட்டிவேர், கல்வாழை, கோரை. சரிவில் பாண்டான். மேல் ஓரத்தில் செம்பருத்தி, செராய் (எலுமிச்சைப் புல்), துளசி. செராய்க்குக் கால் நனைந்தால் ஆகாது, நடுவில் வைக்காதீர்கள். மஞ்சளும் அப்படித்தான். 30 செ.மீ. இடைவெளியில் 80 செடிகள் வரை பிடிக்கும். இலையிடுக்கில் தண்ணீர் தேங்கும் பிரொமீலியாட் வகைகளைத் தள்ளி வையுங்கள். பள்ளம் காய்ந்தாலும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு மடக்குத் தண்ணீர் போதும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீர் வரும் தோட்டத்தில் சமையலுக்குப் பறிக்கும் எதையும் நடாமல் இருப்பது நல்லது, பாண்டானையும் சேர்த்துத்தான்.

மூடாக்குக்குப் பெரிய துண்டு மரச்சீவல். மெல்லிய சீவல் மிதந்து வழிவாயை அடைக்கும்.

முதல் மூன்று மாதம்

பெரிய மழை நின்ற நேரத்தைக் குறித்து, தண்ணீர் காய்ந்த நேரத்தையும் குறியுங்கள். 24 மணி நேரத்துக்குள் காய வேண்டும், 48 தாண்டக் கூடாது. கொசுப்புழு பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால் அதற்குள் திருத்த நேரம் இருக்கிறது. மெதுவானால் முதலில் மேலே படிந்த சேற்றுப் படலத்தை 2 செ.மீ. சுரண்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். லாலாங் புல்லும் தொட்டாற்சிணுங்கியும் வேர்விடும் முன்பே வாரம் ஒரு முறை பிடுங்குங்கள். மழை இல்லாத வாரத்தில் செடிக்குத் தண்ணீர் விட வேண்டும், மழைத்தோட்டம் என்று பெயர் இருப்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பின்னர் சேர்த்தவை

கார் கழுவும் தண்ணீரை இதில் விடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். புல்தரையில் கழுவினால் பரவாயில்லை, நேராகத் தோட்டத்துக்குள் வேண்டாம், சோப்பும் எண்ணெயும் மேல்மண்ணை அடைக்கும். சமையலறைத் தண்ணீர் எந்த நிலையிலும் கூடாது.

கூரை ஓரத்தில் தகர வாய்க்கால் இல்லாத லய (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளில், தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு நேர்கீழே 30 செ.மீ. அகலத்தில் கல் பரப்பி, அதைச் சாய்வாகத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம். கல்லுக்கு அடியில் வீட்டுப் பக்கம் சிமெண்டு பூசுங்கள், இல்லாவிட்டால் ஈரம் சுவருக்கு ஏறும்.

அறிவிப்புப் பலகையைத் தமிழில் மட்டும் எழுதாதீர்கள். மலாயிலும் எழுதுங்கள். புல்வெட்டும் குத்தகைக்காரர் வெட்டிவேரைக் காட்டுப்புல் என்று நினைத்து இயந்திரத்தை விட்டுவிடுவார்.