தீவிலிருந்து நகரத்துக்குப் படகில் ஒரு நாள்: துணையோடு போய்த் திரும்பும் வழி

தீவில் இருப்பவர் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு நகரத்துக்குப் போய் அன்றைக்கே திரும்ப வேண்டுமானால், காலையில் எந்தப் படகில் ஏறுவது என்று முதலில் யோசிக்கக் கூடாது. எந்தப் படகைத் தவறவிட்டால் இரவு நகரத்திலேயே தங்க நேரும் என்பதைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து நாளைப் பின்னோக்கி அமைக்க வேண்டும். கடைசிப் படகுக்கு முந்தைய படகில் திரும்புவதாக வைத்துக்கொண்டால், அது ரத்தானாலும் நிரம்பிப்போனாலும் இன்னொன்று மிச்சம் இருக்கும். இருவரில் மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய வேகம்தான் அன்றைய வேகம் என்பதால், நகரத்து வேலைகளையும் அவர் கணக்கிலேயே குறைத்துக்கொள்வது நல்லது.

கால அட்டவணையில் அச்சிட்டிருப்பது படகு புறப்படும் நேரம். ஏறும் வாசலை அதற்கு முன்பே அடைத்துவிடுவார்கள். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் படியுங்கள். விடுமுறை நாள், பருவ மாற்றம் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆழம் குறைந்த துறைகளில் கடலின் ஏற்றவற்றத்தைப் பார்த்தே படகு விடுவார்கள். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே பெரும்பாலான கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும் என்பதால், நேற்றைய ஏற்றம் இன்று சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அத்தகைய துறையில் நேற்று போய் வந்தவர் சொன்ன நேரத்தை நம்பி இன்று கிளம்பக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிகவும் தாழ்ந்து வற்றும். மிதவைத் துறையாக இருந்தால் அப்போது ஏறுபலகை செங்குத்தாகச் சரிந்து நிற்கும். முழங்கால் வலி உள்ளவரோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிக்கெட்டை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை இரண்டு டிக்கெட்டும் நண்பரின் பையில் இருக்க, அவர் மருந்து வாங்கப் போன இடத்தில் தாமதமாகிவிட்டது. வாசலில் நான் வெறுங்கையோடு நின்றிருந்தேன். பாதி இருக்கைகள் காலியாக இருந்த படகு, கயிறு அவிழ்த்து என் கண் முன்னாலேயே நகர்ந்து போயிற்று. அன்றிலிருந்து டிக்கெட், அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம் மூன்றும் அவரவர் சட்டைப்பையில்தான். அதைவிட முக்கியமானது, பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது, ஒருவர் வராவிட்டால் மற்றவர் ஏறுவதா நிற்பதா என்பதைக் காலையிலேயே பேசி வைப்பது. இருவரும் கண்ணில் படும்வரை யாரும் ஏறுவதில்லை என்பதே என் வழக்கம். வீட்டில் குழந்தையோ முதியவரோ காத்திருந்தால் மட்டும், கடைசிப் படகில் ஒருவராவது ஏறிவிட வேண்டும்.

முதல் நாள் இரவே வானிலை அறிவிப்பைப் பாருங்கள். அதில் பொதுவாகச் சொல்லப்படும் அலை உயரம், எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியே. அவ்வப்போது அதைப் போல் இரு மடங்கு உயரமான அலையும் எழக்கூடும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகிக் கடல்காற்று வலுக்கும் என்பதால், காலையில் தகடு போலக் கிடந்த கடல் மாலையில் கொந்தளிப்பதைப் பல கரைகளில் காணலாம். போகும்போது சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர் திரும்பும்போது துவண்டுபோவது பெரும்பாலும் இதனால்தான். படகின் வகையையும் கவனியுங்கள். கேட்டமரான் என்று உலகம் சொல்லும் இரட்டை அடிப்பகுதிப் படகின் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்றாலும், அந்த வேகப் படகுகளைப் பெரிய கப்பல்களுக்கு முன்பே அலைக்காக நிறுத்திவிடுவது வழக்கம்.

குமட்டல் விஷயத்தில் துணையாகப் போகிறவருக்குத்தான் வேலை அதிகம். கண் பார்ப்பது ஒன்று, உள்காது உணரும் அசைவு வேறொன்று. இரண்டும் ஒத்துப்போகாதபோது மூளை குழம்புகிறது. ஆகவே கீழ்த்தளத்தில், படகின் நடுப்பகுதியில் உட்காருவது நல்லது. இருபுறமும் ஏறி இறங்கும் சீசா பலகையின் நடுப்பகுதியைப் போல அங்கே ஆட்டம் குறைவு. தொலைவில் தெரியும் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள். மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே, மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு அது வயிற்றில் தங்காது. சில மாத்திரைகள் தூக்கத்தைத் தரும் என்பதால் இருவரும் சேர்ந்து போட்டுக்கொண்டு துறை வந்ததும் தெரியாமல் தூங்கிவிடாதீர்கள். வாயால் சொல்வதற்கு முன்பே அடையாளங்கள் தெரியும்: பேச்சு குறையும், கொட்டாவி வரும், மேலுதட்டில் வியர்வை பூக்கும், முகம் வெளுக்கும். அந்தக் கட்டத்திலேயே காற்றுள்ள இடத்துக்கு அழைத்துப் போய்க் கையில் ஒரு பையைக் கொடுத்துவிட்டால் பாதிக்குமேல் சமாளித்துவிடலாம். “என்ன ஆச்சு, என்ன ஆச்சு” என்று கேட்டுக்கொண்டே இருப்பது மட்டும் கூடாது.

உட்கார்ந்தவுடன் உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, அவசரத்தில் எங்கே கூட வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் தொடர்ந்து கேட்டால் அது பயணிகள் கப்பல்களின் பொது அபாய அறிவிப்பு. நீண்ட வழித்தடங்களில் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் தானாகப் போய் ஒட்டிக்கொண்டு கட்டணத்தைக் கூட்டிவிடலாம் என்பதால், கரை மறைவதற்குள் ஃபிளைட் மோடில் போட்டுவிடுவது பாதுகாப்பு.

திரும்பி வந்து துறையில் இறங்கியதும் பலருக்குத் தரை ஆடுவது போலவே இருக்கும். சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். உங்கள் இருவரில் வண்டி ஓட்டப்போகிறவர் யாரோ அவர் தலை தெளியும்வரை துறையிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். தூக்கம் தரும் குமட்டல் மாத்திரையைப் போட்டவராக இருந்தால் சாவியை மற்றவர் வாங்கிக்கொள்ளட்டும்.