அயர்லாந்து முன்னோரைத் தேடுவது எப்படி? ஊரைப் பிடியுங்கள், பேர் தானாக வரும்

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று அயர்லாந்து வம்சாவளியினர் இல்லாத இடம் குறைவு. நம் ஊர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றிலும், மதராஸ் படைக்கு வந்த ஐரிஷ் சிப்பாய் ஒருவர் இருப்பார். அப்படி ஒருவரைத் தேடுகிறவர்களுக்காக இது. இங்கே சொல்லும் அயர்லாந்து ஆவணங்கள் எல்லாமே இணையத்தில் இலவசம். அதனால் கட்டணத் தளங்களுக்கு இப்போதே போக வேண்டாம்.

முதல் படி: ஊர். மர்ஃபி, கெல்லி என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். அவர் குடியேறிய நாட்டின் கல்லறைக் கல், திருமணப் பதிவு, இறப்பு அறிவிப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். கவுன்டியோடு (நம் மாவட்டம் போன்றது) 'டவுன்லேண்ட்' பெயரும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதுதான் அங்கே நிலத்தின் மிகச் சிறிய பிரிவு. 60,000-க்கு மேல் இருக்கின்றன. ஒரே பெயர் பல கவுன்டிகளில் வரும், கவனம்.

இரண்டாம் படி: 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படிவங்களையே பார்க்கலாம். இங்கே அவசரப்படாதீர்கள். குடும்பப் பெயரில் ஓ, மெக் போன்ற முன்னொட்டு ஒரு படிவத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. எனவே இரண்டு விதமாகவும் தேடுங்கள். அப்படியும் வரவில்லையா? ஊரையும் முதல் பெயரையும் மட்டும் கொடுங்கள்.

வயதை அப்படியே நம்ப வேண்டாம். 1901-ல் 55 என்றவர் 1911-ல் 70 என்பார். 1909 முதல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது ஒரு காரணம். பிறந்த ஆண்டே பலருக்குத் தெரியாதது இன்னொன்று. 1911 படிவத்தில் திருமணமான பெண்களிடம் எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். கடைசி இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்தக் குழந்தைகளும் உங்கள் குடும்ப மரத்தில் இடம்பெற வேண்டியவர்கள்தான்.

மூன்றாம் படி: பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள். எல்லோருக்குமான பதிவு 1864-ல் தொடங்கியது. அரசின் வம்சாவளித் தளத்தில் தேடலாம். பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும்; அடுத்த தலைமுறைக்கு வழி அதுதான். சில சமயம் ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதிக்கு முன்னால் வரும். தாமதப் பதிவுக்கான அபராதத்தைத் தவிர்க்கத் தேதியைத் தள்ளிச் சொல்லியிருப்பார்கள்.

நான்காம் படி: 1864-க்கு முன். 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, பழைய கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி போனது. ஆனால் ஞானஸ்நானம், திருமணம் எழுதிய கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் பல தப்பின. தேசிய நூலகத் தளத்தில் உள்ளன. பல லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ். 1847 முதல் 1864 வரை வரிக்காக நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டில், யார் எந்த நிலத்தை வைத்திருந்தார் என்பது வரைபடத்தோடு கிடைக்கும்.

அப்புறம், பாட்டும் கதையும். 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கதைகளும் வழக்கங்களும் 'டூகஸ்' என்ற அயர்லாந்து நாட்டார் வழக்காற்றுத் தளத்தில் இருக்கின்றன. ஊர்ப்பெயரை வைத்தே தேடலாம். இசையும் ஊரைப் பொறுத்ததுதான். உங்கள் கவுன்டி ஸ்லைகோ என்றால், 1920-களில் நியூயார்க்கில் பதிவான மைக்கேல் கோல்மனின் ஃபிடில் இசையைக் கேளுங்கள். கிளேர் என்றால் வில்லி கிளான்சியின் இல்லியன் பைப்பிலிருந்து (ஐரிஷ் பைக்குழல்) தொடங்குங்கள்.