நீர்வண்ணப் படங்களை மலையில் காட்சிக்கு வைப்பது எப்படி: ஒரு பிரேம் கடைக்காரரின் குறிப்புகள்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படமும் கல்யாணப் போட்டோவும்தான் பிழைப்பு. ஆனால் ஊர் ஓவியர் ஒருவரின் நீர்வண்ணப் படங்களைக் கண்காட்சியாக வைக்க வேண்டும் என்று யாருக்கு ஆசை வந்தாலும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். வரும்போதே அழைப்பிதழை அச்சடித்துவிடுகிறார்கள். அது கடைசி வேலை.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். அந்த மழையில் சுவரே வியர்க்கும். மே மாதம் பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் ஏறும். 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்து வருகிற அந்தக் கூட்டம் ஏரியையும் தூண் பாறையையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கத்தான் வருகிறது. பிப்ரவரி, மார்ச் நல்லது. காற்றில் ஈரம் குறைவு. உள்ளூர்க்காரர்களுக்கும் நிற்க நேரம் இருக்கும்.

படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்பத்தார் எல்லாவற்றையும் மாட்டச் சொல்வார்கள். ஏரிப் படம் பத்து இருந்தால் இரண்டு போதும். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களையோ மன்னவனூர்ப் புல்வெளியையோ ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு மாதங்களில் தீட்டியிருந்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூடுபனியை இவர் எப்படிப் பிடித்தார் என்பது அப்போதுதான் தெரியும். நீர்வண்ணத்தில் பனிக்கு வெள்ளைச் சாயம் பூசுவது அபூர்வம். பெரும்பாலும் பூசாமல் விட்ட காகிதம்தான் பனி.

அந்தக் காகிதம் மஞ்சளானால் பனியும் மஞ்சளாகும் என்பதால்தான் பிரேமில் இவ்வளவு கறாராக இருக்கிறேன். கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. நீர்வண்ணத்தில் சாயத்தைப் பிடித்து வைத்திருப்பது வேல மரப் பிசின். ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது வானம் பாதி கண்ணாடியோடு வந்துவிடும். ஆகவே நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை கட்டாயம், அதுவும் அமிலம் இல்லாததாக. சாதாரண அட்டையின் அமிலம் சில வருடங்களில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். செல்லோ டேப்பைக் கடைக்குள்ளேயே விடாதீர்கள். மெல்லிய ஜப்பானியக் காகிதத்தில் இரண்டு துண்டு கிழித்து, கோதுமை மாவுச்சத்தில் காய்ச்சிய பசையால் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள். காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

இங்கே பழைய கட்டடங்களின் வெளிப்புறக் கல்சுவர் இரவில் குளிர்ந்து, காலையில் ஈரம் கோத்திருக்கும். முடிந்தவரை உட்புறச் சுவரில் மாட்டுங்கள். வேறு வழி இல்லையென்றால், பிரேமின் பின்புறக் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டுங்கள். இடையில் காற்று ஓடினால் பூசணம் சுலபத்தில் பிடிக்காது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் நிறைய வருவார்கள் என்றால் கொஞ்சம் இறக்குங்கள்.

வெளிச்சம் பற்றி யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. 2,100 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமை. ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டு, எல்இடி விளக்கு வையுங்கள். அருங்காட்சியகங்களில் நீர்வண்ணப் படத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தான் கணக்கு. உள்ளே நுழைந்ததும் மங்கலாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். 2018 குறிஞ்சிப் பூவைத் தீட்டிய படங்கள் இருந்தால் அவற்றை இருண்ட மூலைக்குக் கொண்டுபோங்கள். அல்ட்ராமரின் நீலத்தோடு அலிசரின் சிவப்பைக் கலந்து ஊதா செய்திருந்தால், வெளிச்சத்தில் சிவப்பு முதலில் போய், மலை வெறும் நீலமாக நிற்கும்.

பெயர்ச் சீட்டில் 'இயற்கையின் மௌனம்' என்றெல்லாம் எழுதாதீர்கள். இடம், தெரிந்தால் மாதம், வருடம், படத்தின் அளவு போதும். 'வட்டக்கானல் பாதை' என்று எழுதிப் பாருங்கள். ஒரு பெரியவர் நின்று, "இந்தத் திருப்பத்தில் மரம் ஒன்று இருந்ததே" என்று ஆரம்பிப்பார். அதை எழுதிவைக்க ஒரு நோட்டும், கயிற்றில் கட்டிய பென்சிலும் வையுங்கள். பேனா வேண்டாம், படத்தருகே மை எதற்கு?

விற்பனை உண்டென்றால் விலையைப் பிரேமோடு சேர்த்து எழுதிவிடுங்கள். திறப்பு விழாவில் டீயும் வருக்கியும் வாசல் திண்ணையிலேயே முடியட்டும். ஐம்பது பேரின் மூச்சே உள்ளே போதுமான ஈரம்.

படங்களைக் கழற்றுவது உச்சி வெயில் நேரத்தில். மாலைப் பனியில் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டினால் ஈரத்தையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். வெள்ளைத் தாளில் சுற்றி, இரண்டிரண்டாகக் கண்ணாடிப் பக்கம் எதிரெதிராக இருக்கும்படி, இடையில் அட்டை வைத்துச் செங்குத்தாக அடுக்குங்கள். வத்தலக்குண்டு வரை இறங்க வேண்டிய படமென்றால் பஸ் கூரையில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.