சஸ்காட்செவான் ஆற்றங்கரை நகரங்களுக்குப் பயணம் செல்வது எப்படி

கனடாவின் புல்வெளிச் சமவெளியைப் பார்க்க விரும்புவோர், நெடுஞ்சாலையைவிட ஆற்றையே வழிகாட்டியாகக் கொள்வது நல்லது. கனடாவின் பூர்வகுடிகளுள் ஒன்றான கிரீ மக்களின் மொழியில் ‘விரைந்தோடும் ஆறு’ எனப் பொருள்படும் பெயரைக் கொண்ட சஸ்காட்செவான், வட கிளையில் எட்மன்டனையும் தென் கிளையில் சாஸ்கட்டூனையும் தொட்டுச் சென்று, பிரின்ஸ் ஆல்பர்ட் நகருக்குக் கிழக்கே ஒன்றாகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்லுங்கள். ஜூன் இறுதியில் எட்மன்டனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். அங்கே நகர மையத்திலிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் இழுவை ரயிலில் கட்டணமின்றிப் பயணம் செய்து, மரங்களினூடே நடக்கலாம்.

பின்னர் 16-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 520 கி.மீ. கிழக்கே சென்றால் சாஸ்கட்டூன் வரும். அங்கு ஆற்றோரமாகச் செல்லும் மீவாசின் நடைபாதைக்கு ஒரு மாலை போதும். ஆனால், 6,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பூர்வகுடி மக்கள் கூடிய தடயங்களைத் தாங்கி, 2019-இல் காட்டெருமைகள் மீண்டும் கொண்டுவரப்பட்ட வானஸ்கேவின் பூங்காவுக்கு ஒரு முழுநாளையே ஒதுக்குங்கள், ஏனெனில் இந்தச் சமவெளி யாருடைய நிலம் என்பதை அங்குதான் உணர முடியும்.

கோடையிலும் மாலைக்கு ஒரு மேலாடையும் கொசு விரட்டியும் அவசியம். குளிர்காலத்தில் செல்ல நேர்ந்தால், உறைந்ததாகத் தோன்றும் ஆற்றின்மீது கால் வைக்காதீர்கள். அடியில் நீரோட்டம் நிற்பதில்லை.