பின்னா, துளையா? கனெக்டர் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வைஃபை ரவுட்டரின் ஆன்டெனாவை அலமாரிக்கு மேலே ஏற்றி வைக்கலாம் என்று ஒரு நீட்டிப்புக் கேபிள் வாங்கினேன். எஸ்.எம்.ஏ. (ஆன்டெனாவை முறுக்கி மாட்டும், மரை உள்ள சிறு கனெக்டர் வகை) என்று போட்டிருந்தது, பார்க்கவும் அப்படியேதான் இருந்தது. ஆன்டெனா பக்கம் மரை வழுக்கிக்கொண்டு ஏறியது. ரவுட்டர் பக்கம் மட்டும் கடைசிச் சுற்றில் முரண்டு பிடித்தது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று ஸ்பேனர் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினேன். சிக்னல் முன்பைவிட மோசம். ரீசெட், சேனல் மாற்றம், ஃபர்ம்வேர் என்று இரண்டு நாள் போன பிறகு, கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ரவுட்டர் பக்கம் பின்னுக்கு எதிரே பின், ஆன்டெனா பக்கம் துளைக்கு எதிரே துளை. ரவுட்டரின் பின் வளைந்தே போயிருந்தது.

அதன் பிறகு எதை வாங்கினாலும் கீழே உள்ள வரிசையில்தான் பார்க்கிறேன்.

படி 1: வெளி ஓட்டை விடுங்கள், உள்ளே இருக்கும் உலோகத்தைப் பாருங்கள்

மின் கனெக்டரில் ஆண், பெண் என்று பிரிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் உலோகத்தை வைத்துத்தான். பின் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண், துளை இருந்தால் பெண். பிளாஸ்டிக் கூடு எதற்குள் எது போகிறது என்பது வேறு கதை. சர்க்யூட் போர்டில் ஒயரை மாட்ட வரும் ஜே.எஸ்.டி. எக்ஸ்.எச். என்ற சிறு கனெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் பக்கக் கூடு போர்டில் இருக்கும் கூட்டுக்குள் நுழைகிறது, ஆனால் அந்த ஒயர் பக்கக் கூட்டுக்குள் இருப்பது துளை. அதனால் ஒரே பொருளை ஒரு விற்பனையாளர் ஆண் என்பார், இன்னொருவர் பெண் என்பார். பெயரை நம்பாதீர்கள், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

படி 2: மரை உள்ள கனெக்டரில் இரண்டு விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சாதாரண எஸ்.எம்.ஏ.வில், உள்மரை இருக்கும் நட்டுக்குள் பின் இருக்கும், அது ஆண். வெளிமரை இருக்கும் பக்கம் துளை இருக்கும், அது பெண். ஆனால் வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் வருவது ஆர்.பி.-எஸ்.எம்.ஏ., அதாவது ரிவர்ஸ் போலாரிட்டி. பிளஸ், மைனஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மரை அப்படியே இருக்க, நடுவில் உள்ள பின்னையும் துளையையும் மட்டும் இடம் மாற்றிவிட்டார்கள். வெளிமரை பக்கம் பின், உள்மரை பக்கம் துளை. பெயர் மட்டும் மரையை வைத்தே தொடர்கிறது, ஆகவே ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. ஆண் என்றால் அதில் பின் இருக்காது! படி 1-இல் சொன்னதற்கு நேர் எதிர்தான், என்ன செய்ய.

யாருடைய வேலை இது என்று தேடினால் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி.யின் விதியில் போய் நின்றது. உரிமம் தேவைப்படாத கருவிகளில் யாரும் இஷ்டத்துக்குப் பெரிய ஆன்டெனாவை மாட்டிவிடக் கூடாது, அதனால் வழக்கமான கனெக்டர் வைக்கக் கூடாது என்பது விதி. அதற்காக வந்த வழக்கமில்லாத கனெக்டர் இன்று வழக்கமாகிவிட்டது.

ஆக, கேபிள் தேடும் முன் ஒரு தாளில் "வெளிமரை, பின்" அல்லது "வெளிமரை, துளை" என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆண், பெண் என்று எழுதாதீர்கள். கையால் முறுக்கி முழுதாக ஏறாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், ஸ்பேனரைத் தொடவே வேண்டாம்.

படி 3: மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

மின்சாரம் கொடுக்கும் பக்கம் துளையாக இருக்க வேண்டும், வாங்கும் பக்கம் பின்னாக இருக்கலாம். விரல் பட்டாலும், எங்காவது உரசினாலும் ஆபத்து இல்லாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கணினியின் பவர் கேபிளைப் பாருங்கள்: கேபிள் முனையில் இருக்கும் சி13 (இது கனெக்டர் வகையின் எண்) துளை, கணினியின் பின்புறம் இருக்கும் சி14 பின். இந்த சி எண் வரிசையில் ஒற்றை எண் கேபிள் பக்கம், அதற்கு அடுத்த இரட்டை எண் அதன் ஜோடி. சி5-க்கு சி6, சி7-க்கு சி8, சி19-க்கு சி20. இரண்டு முனையிலும் பின் இருக்கும் மெயின்ஸ் கேபிளை யாராவது செய்து தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் பின்களில் மின்சாரம் நிற்கும். அதற்குத் தற்கொலைக் கேபிள் என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

படி 4: அளவு

பின்களுக்கு இடையே உள்ள தூரம்தான் பிட்ச். பக்கத்துப் பக்கத்துப் பின்னை அளக்காதீர்கள். முதல் பின்னின் இடது ஓரத்திலிருந்து கடைசிப் பின்னின் இடது ஓரம் வரை அளந்து, பின்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுங்கள். எக்ஸ்.எச். 2.5 மி.மீ., போர்டில் வரிசையாக நிற்கும் சாதாரண ஹெடர் பின் 2.54 மி.மீ. பத்துப் பின்னில் வித்தியாசம் 0.36 மி.மீ. வந்துவிடும், அது கவ்வி அளக்கும் காலிப்பரில் தெளிவாகத் தெரியும். ஸ்கேல் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது. மலிவான டிஜிட்டல் காலிப்பர் போதும், அந்தப் பணத்துக்கு நூறு கனெக்டர் வகைகள் நிரம்பிய டப்பா வாங்குவது வீண்.

அடாப்டரின் உருண்டை பிளக்கில் காலிப்பரும் உதவாது. வெளியே 5.5 மி.மீ. என்று அளந்துவிடலாம், உள்துளை 2.1-ஆ 2.5-ஆ என்று பார்க்க அதன் மூக்கு உள்ளே போகாது. 2.3 மி.மீ. ட்ரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தை நுழைத்துப் பாருங்கள். போனால் 2.5, போகாவிட்டால் 2.1. 2.5 பிளக்கை 2.1 ஜாக்கில் செருகினால் தாராளமாகப் போகும், ஒயரை ஆட்டும்போதெல்லாம் கருவி அணைந்து அணைந்து எரியும். அப்புறம் வோல்ட்டும், நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற குறியும் ஸ்டிக்கரிலேயே இருக்கும், அதையும் பாருங்கள்.

பின்சேர்க்கை: தண்ணீர்க் குழாய்க்கும் இதே முறைதானா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே சுலபம், வெளிமரை ஆண், உள்மரை பெண், அவ்வளவுதான். ஆனால் அளவில் ஏமாந்துவிடுவீர்கள். அரை அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் அரை அங்குலம் இல்லை, சுமார் 21 மி.மீ., அந்த அரை அங்குலம் என்பது பழைய குழாயின் உள்விட்டக் கணக்கு. இன்னொன்று, பி.எஸ்.பி., என்.பி.டி. என்று இரண்டு மரை வகைகள் உண்டு. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால் ஒன்றில் இன்னொன்று சில சுற்று நன்றாகவே ஏறும். மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் ஒழுகுகிறது என்று அவர் எழுதியிருந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்து ஃபிட்டிங்கிலும் என்ன எழுத்து பொறித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.