ரிம் மாற்றும் முன் டாப் மாடலைப் பாருங்கள்

செடான் காருக்குப் பெரிய அலாய் ரிம் போட ஆசையா? அதே காரின் டாப் வேரியன்ட்டில் கம்பெனியே என்ன அளவு கொடுக்கிறது என்று பார்த்து, அதையே வாங்குங்கள். பெரும்பாலும் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் காற்றழுத்த ஸ்டிக்கரிலேயே அந்த அளவும் இருக்கும்.

2017இல் வந்த மாருதி டிசையரை எடுத்துக்கொள்வோம். கீழ் வேரியன்ட்டில் டயர் 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15 (முதல் எண் மி.மீ.யில் டயரின் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்). கணக்குப் போட்டால் முதல் டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ., இரண்டாவது 621.5. ரிம் ஓர் அங்குலம் கூடியும் டயரின் உயரம் மாறவில்லை. அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, மட்கார்டில் உரசாது. போல்ட் இடைவெளி, ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு) இரண்டையும் கம்பெனியே பார்த்துவிட்டதால் அந்தக் கவலையும் இல்லை.

வேறு கம்பெனி ரிம்முக்கு இது செல்லாது. டிசையர், ஹோண்டா சிட்டி இரண்டிலும் நான்கு போல்ட், அவை அமையும் வட்டத்தின் விட்டமும் 100 மி.மீ.தான். ஆனால் ரிம்மின் நடு ஓட்டை டிசையரில் 54.1 மி.மீ., சிட்டியில் 56.1. சிட்டி ரிம் டிசையரில் ஏறிவிடும், அப்புறம் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம். போட்டே தீருவேன் என்றால் அந்த நடு ஓட்டையின் இடைவெளியை நிரப்பும் வளையமான ஹப் ரிங் வேண்டும். கார் தலைமுறை மாறியிருந்தாலும் பழைய அளவை நம்பாதீர்கள்.